பாதி சிகரெட்

படிவம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
எஸ்பியர் துறைமுகத்திலிருந்து வந்திருக்கிறது.
மூலையில் காபிக் கறை. நீல மை.

என் வேலை எளியது.
ஆம் என்றால் ஒன்று,
இல்லை என்றால் சுழியம்,
பதில் இல்லையென்றால் ஒன்பது.
ஆர்ஹுஸ் நகரில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே
நான்கு மணிக்கே அணைந்துவிடுகிற டிசம்பர்.

பெயர் எழுதக் கூடாதென்று அச்சடித்திருக்கிறோம்.
அவள் எழுதியிருக்கிறாள்:
எஸ்கில். வயது ஏழு.
ஐந்தில் தொடங்கியது கண்சிமிட்டல்.
பிறகு தோள் குலுக்கல்.
இப்போது தொண்டையில் ஒரு சத்தம்,
"பூட்டிய அறைக்குள் நாய்க்குட்டி இருப்பதுபோல."

முதல் மூன்று மாதம் கடும் வாந்தி உண்டா?
ஒன்று.
(மீன் இறக்கும் நாட்களில்
ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.)
எத்தனையாவது வாரத்தில் பிரசவம்?
முப்பத்தாறு.
எடை?
இரண்டு கிலோ முந்நூறு.
கழுத்தில் கொடி சுற்றியிருந்ததா?
ஒரு சுற்று.
ஆயுதம் போட்டு எடுத்தார்களா?
ஒன்று.
(தழும்பைப் புருவம் மறைத்துவிட்டது.
எனக்கு மட்டும் தெரியும் எந்த இடமென்று.)

கர்ப்ப காலத்தில் புகைத்தீர்களா?

இல்லை என்பதில் ஒரு குறி. அதன்மேல் அடித்தல்.
ஆம் என்பதில் ஒரு குறி. அதன்மேலும் அடித்தல்.
பிறகு ஓரத்தில், மேலிருந்து கீழாக,
தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும்:

"ஒரே ஒரு இரவு.
ப்ரேபன் போன படகு பதினோரு மணிநேரம் தாமதம்.
வானொலியிலும் பதில் இல்லை.
பக்கத்தில் நின்றவளிடம் வாங்கி
பாதிதான் இழுத்தேன்.
மீதியைத் தண்ணீரில் போட்டேன்.
அந்தப் பாதியா?"

கட்டத்தில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம்.
படகுக்கு இடமில்லை.
பதினோரு மணிநேரத்துக்கும் இல்லை.

டாக்டர் ராவ்ன்கில்ட் தேநீரோடு வந்தபோது காட்டினேன்.
நின்றுகொண்டே படித்தார்.
"நாம் எண்ணுவது கூட்டத்தை.
கூட்டத்தில் தெரிகிற சாய்வை எடுத்துப்போய்
ஒருத்தியின் வாசலில் வைக்க முடியாது."
"அதை அவளுக்கு யார் சொல்வது?" என்றேன்.
தேநீர் ஆறிவிட்டதென்று போய்விட்டார்.

என் அம்மாவுக்கு நாளுக்கு ஒரு பெட்டி.
அறுபத்தெட்டில் யார் படிவம் நீட்டினார்கள்?
இதோ, இமை தப்பாமல்
பிறர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
இதே குவியலில்
சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்களின் பிள்ளைகளும்
தோள் குலுக்குகிறார்கள்.

அப்பாவுக்குச் சிறு வயதில் இருந்ததா?
"தெரியாது. மாமியாரிடம் கேட்டேன்.
எழுந்துபோய் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கிவிட்டார்."
ஒன்பது என்று இடுகிறேன்.
அந்த உருளைக்கிழங்கு ஒரு பதில் என்று
எனக்குத் தோன்றுவதற்கு எண் கிடையாது.

கடைசிப் பக்கத்தின் அடியில்
இன்னும் சிறிய எழுத்தில்:
"லெகோ அடுக்கும்போது சத்தம் நின்றுவிடுகிறது.
சில நாள் அரை மணிநேரம்கூட.
இதை யாருமே கேட்கவில்லை."

விதிப்புத்தகம், பக்கம் பன்னிரண்டு:
எந்த அளவானாலும் ஒன்று.
திரையில் வெற்றுக் கட்டம்
விட்டுவிட்டுத் துடித்தது.
ஒன்று என்று தட்டினேன்.
பாதி சிகரெட் முழுதானது.

அடுத்தது, இருநூற்றுப் பதினெட்டு.
ஓரமெல்லாம் வெள்ளை.
வாந்தி சுழியம். கொடி சுழியம்.
ஆயுதம், புகை, காய்ச்சல், கவலை
எல்லாம் சுழியம்.
பிள்ளைக்கு மட்டும் ஆறு வயதிலிருந்து கண்சிமிட்டல்.

வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா
என்ற இடத்தில் ஒரு சொல்லும் இல்லை.
பேனா ஊன்றி ஊன்றி
தாள் அங்கே கிழிந்திருக்கிறது.