புகைப்புரை

மூன்றரைக்கு எழும்புவேன்.
பேச்சிப்பாறை முதல் பஸ் இரையும் முன்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறினால்
முந்நூற்றிப் பத்து மரம்.
நாற்பதாவது மரத்தில் ஒன்று,
நூற்றிருபதில் ஒன்று,
இருநூறில், பாறையில் சாய்ந்து, நிதானமாக ஒன்று.
மரத்தைப் பீடியால்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது
விட்ட பிறகுதான் தெரிந்தது.
இப்போது இருட்டில்
எந்த மரத்தில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் கை நடுங்கியது.
பட்டையை ஒரு நூல் கனத்துக்குத்தான் சீவலாம்.
கத்தி உள்ளே இறங்கிவிட்டது.
பால் வரும் இடத்தில் தடி தெரிந்தது.
இருபத்தியிரண்டு வருஷத்தில்
ஒரு மரத்தையும் நான் காயப்படுத்தியதில்லை.
ரைட்டர் சோபனதாஸ் டார்ச் அடித்துப் பார்த்தார்.
‘குடிச்சியாடே?’
‘குடிக்கல்ல சாரே. அதான் இப்படி.’

வீட்டில்,
மரச்சீனி வேகவில்லை என்று தட்டைத் தள்ளினேன்.
வெந்துதான் இருந்தது.
கோழிகள் வந்து சாட்சி சொல்லித் தின்றன.
ஸ்டெல்லாபாய் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் சட்டைப்பையில்,
கட்டு இருந்த அதே பையில்,
மாறாமலைக் கிராம்பு கொஞ்சம்
தாளில் மடக்கி வைத்திருந்தாள்.

ஆனியில் மழை பிடித்தது.
மழையில் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத நாளுக்கு
முப்பது மணி நேரம்.
பத்தொன்பதாவது அன்று
குலசேகரம் முக்கில் சாயா குடிக்கப் போனேன்.
சாயா இருந்தது, மழை இருந்தது,
வாய் மட்டும் ஆளில்லாத வீடு மாதிரி.
வின்சென்றுக்க விரலில் பாதி எரிந்திருந்தது.
கேட்கவில்லை, வாங்கினேன்.
இனிக்கவில்லை. தலை சுற்றியது.
கடைசி நூல் வரை இழுத்தேன்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நனைந்து வந்தபோது
காலண்டர் முன்னால் பென்சிலோடு நின்றாள்.
‘பத்தொம்பதா?’
‘அரை.’
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
அந்தக் கட்டத்தில் பாதிக் கோடு போட்டாள்.

மழை நாளில் புகைப்புரைக்கு ஆள் வேண்டும்.
கழியில் வரிசையாய்
துவைத்த வேட்டி மாதிரித் தொங்கும் ஷீட்டுகள்.
கீழே ரப்பர் விறகு, தேங்காய்த் தொண்டு.
கதவைத் திறந்ததும்
மூஞ்சி நிறைய வந்து கட்டிக்கொள்ளும்.
திருப்பிப் போட ஐந்து நிமிஷம் போதும்.
அரைமணி நேரம் திருப்புவேன்.
இதையும் கணக்கில் சேர்க்கணுமா என்று
ஆசாரிப்பள்ளத்து டாக்டரிடம்
கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

அந்தம்மா என் நெஞ்சுப் படத்தை
சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
தக்கலைக் கடையில் நேசையன்
என் ஷீட்டை அப்படித்தான் பிடிப்பார்.
குமிழ் பார்ப்பார், கரி பார்ப்பார்,
நாலாம் தரம் என்று கீழே போடுவார்.
‘எத்தனாம் தரம், டாக்டரே?’
அவருக்கு விளங்கவில்லை.
‘சட்டையைப் போடுங்க’ என்றார்.

மூக்கு திரும்பி வந்தது ஒரு விடியலில்.
பூ மணக்கும், மண் மணக்கும் என்றார்கள்.
முதலில் மணந்தது நான்தான்:
ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம்,
ஆசிட், வியர்வை.
இத்தனை வருஷமாய்
இதோடா படுத்துக் கிடந்தாள்?
கேட்டால் சிரிக்கிறாள்.
‘பீடி நாத்தத்துக்கு இது எவ்வளவோ கொள்ளாம்.’

நாற்பத்தோராம் நாள்.
மழை விட்டிருக்கிறது.
நான் வெட்டிய காயம் புடைத்து
மரத்தில் ஒரு முட்டி போல நிற்கிறது.
இனி அந்த இடத்தில் கத்தி ஓடாது,
சுற்றித்தான் போகணும்.
ஈரம் சொட்டுகிறது இலையிலிருந்து,
சிரட்டையைக் கவிழ்த்துத் துடைத்து வைக்கிறேன்.
வாய் விட்டு எண்ணுகிறேன் இப்போது,
பைத்தியக்காரன் மாதிரி:
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
நாற்பது.
கை பைக்குப் போகிறது.
கிராம்பு எரிகிறது நாக்கில்.
அது இல்லை இது.
இப்போதும் வேண்டும் போலத்தான் இருக்கிறது.
இருக்கட்டும்.
இன்னும் இருநூற்றெழுபது மரம் கிடக்கிறது.