இலுமினாடாவின் முழங்கை

அந்தப் படத்தில் நடுவில் இருப்பது நான்தான்.
மே மாதக் கடைசி ஞாயிறு. பத்தொன்பது வயது.
இலோய்லோ நகரில் வாடகைக்கு எடுத்த கிரீடம்,
மூன்று பேர் தூக்கி வந்த பாவாடை வால்,
கையில் அப்பா தச்சரிடம் சொல்லிச் செய்த சிலுவை.
சிலுவையைத் தேடிக் கண்டெடுத்த அரசியாக
ஊர் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது.
பார்த்த தகுதிகள் இரண்டு:
உயரம், நிறம்.

எனக்குப் பின்னால்
தள்ளுவண்டியில் டீசல் ஜெனரேட்டர்.
தள்ளியவள் இலுமினாடா, கரி விற்பவள்.
பிளந்த மேலுதடு; பேசும்போது
பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும்.
'ஒளி பெற்றவள்' என்று பெயரிட்ட பாதிரியார்
கிண்டல் செய்தார் என்றே நினைத்திருந்தோம்.
என் முகத்தில் விழுந்த வெளிச்சமெல்லாம்
அவள் தள்ளிக்கொண்டு வந்தது.

பாலம் தாண்டியதும் மழை கொட்டியது.
அரசிகள் பதினொரு பேரும்
கிடைத்த கூரைக்குள் ஓடினோம்.
நான் ஒரு மளிகைக்கடை வாசலில்,
ஷாம்பூ பாக்கெட் தோரணத்துக்குக் கீழே.
இரண்டு கையும் தலைமுடிக்குத் தேவைப்பட்டதால்
சிலுவையை
ஒரு சோடாப் பெட்டிமேல் வைத்தேன்.
இல்லை, போட்டேன்.
அது சறுக்கிச் சேற்றில் விழுந்ததைப் பார்த்தேன்,
கண்மை கரைகிறதா என்று
கடைக் கண்ணாடியில் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால்.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி அணைந்தது.
இருட்டில் யாரோ குனிந்தார்கள்,
சட்டை நுனியால் எதையோ துடைத்தார்கள்.
அப்புறம் அந்தப் பிளந்த குரல்
ஜெபமாலையை விட்ட மணியிலிருந்து தொடங்கியது.
நனைந்த கிழவிகள் நாலைந்து பேர் பின்னால் போனார்கள்.
ஒரு நாயும்.
ஊர்வலம் என்றால் அதுதான் ஊர்வலம்.
நாங்கள் வேடிக்கை.

முள்ளைக் கிரீடமாக ஏற்றவர்
அந்த மழையில் எந்தப் பக்கம் நடந்திருப்பார் என்று
நான் யோசிக்கவில்லை.
யோசித்ததெல்லாம்
ஒரு கல் உதிர்ந்துவிட்டதே,
முன்பணம் நூறு பெசோ திரும்பி வருமா என்று.

இப்போது ஐம்பத்தாறு.
அழகு போனதும் ஞானம் வந்துவிட்டதாக
யாரும் எண்ண வேண்டாம்.
காலையில் இன்னும் அரைமணி நேரம் கண்ணாடிக்கு,
ஐந்து நிமிடம் ஆண்டவருக்கு.
அவர் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால்
ரசம் பூசியிருக்காது போலும்.
ஆளைத் தாண்டித் தெரியும்.

படத்தைச் சாய்த்துப் பிடித்தால்
இடது ஓரத்தில், சட்டம் வெட்டிய இடத்தில்,
வண்டிப் பிடியோடு ஒரு முழங்கை.
கரி படிந்தது.
அதில் அவள் அவ்வளவுதான்.

சனிக்கிழமைச் சந்தையில் அவளிடம்தான் வாங்குகிறேன்,
தேவைக்கு மேல் ஒரு மூட்டை.
சொல்ல நினைத்ததை ஒவ்வொரு முறையும்
சில்லறையோடு பைக்குள் போட்டுக்கொண்டு திரும்புகிறேன்.
போன வாரம், தராசை இறக்கியபடியே,
"உன் சிலுவை என் வீட்டில்தான் இருக்கிறது.
எப்போது வந்து எடுத்துக்கொள்வாய்?" என்றாள்.

ஒரு சொல்லைக்கூடக்
காற்று கொண்டுபோகவில்லை.