வழுக்குகிற சக்கரம்

நார்த்டேலில், மூட்லி வீட்டு கராஜில்,
பழைய துவாலையில் சுற்றி வைத்திருந்தார்.
பிரித்தார்.
"ஏர் லாக்கர். நாலு மாதம்தான் ஓடியது.
மண் ரோட்டையே பார்த்ததில்லை."
ஒரு போல்ட் துளையின் அடியில்
சிவப்பு மண் காய்ந்திருந்தது.
நகத்தால் சுரண்டி
பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

தாண்டேகா உள்பற்களை எண்ணினாள்.
முப்பது.
எங்கள் ஹைலக்ஸ் அச்சுக்கும் முப்பது.
கல்யாணத்துக்குப் பார்க்கிறவர்கள்
பத்துப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பேரிங் உட்காரும் கழுத்தை
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
நீலம் பாயவில்லை. சூடு காணாத இரும்பு.
ஓ-ரிங் இரண்டும் வெடித்துக் கிடந்தன,
அது போகட்டும், ரப்பர்தானே;
சட்டைப்பையில் இருந்த புதியதை மாட்டினேன்.

இரண்டு பக்கமும் அச்சுத் துண்டுகளைச் செருகி
பெட்டியை வைஸில் கவ்வி
நான் இப்படிச் சுற்ற
அவள் கையில் அது அப்படிச் சுற்றியது.
காற்றைத் திறந்தோம், தொண்ணூறு பவுண்டு.
உள்ளே ஒரு டக்.
பிறகு என் பக்கமும் அசையவில்லை, அவள் பக்கமும்.
சோப்பு நுரையில் ஒரு குமிழ்கூட இல்லை.
மூட்லி அப்போதுதான் உட்கார்ந்தார்.
தேநீர்த் தட்டோடு வந்த மகள் சரோஷினி
வைக்க இடமில்லாமல் நின்றாள்.

மண்ணெண்ணெய்யைக் கடைசிக்குத்தான் வைத்திருப்பேன்.
பூசி, ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்து
சாக்பீஸைப் பொடித்து ஊதினோம்.
வெள்ளையின் மேல்
மெல்ல ஒரு கோடு கசிந்து வந்தது,
தலைமுடி கனத்தில்,
போல்ட் துளையிலிருந்து ஜன்னல் விளிம்பு வரை.
துடைத்தோம்.
மறுபடி பூசினோம்.
அதே இடம்.

"பிரிஷன்" என்றார் மூட்லி.
"ஹோவிக்கிலிருந்து தார் ரோட்டில்
லாக்கை எடுக்காமலே வளைவெல்லாம் இறங்கியிருக்கிறான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"வண்டியே அவனுக்காக வாங்கினதுதான்."
அவன் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.
"இன்னும் இருபத்தொரு தவணை இருக்கிறது"
என்றாள் சரோஷினி, எங்களைப் பார்த்து,
தட்டை கிரைண்டர் மேல் வைத்துவிட்டு
வேலைக்கு நேரமாயிற்றென்று போய்விட்டாள்.

கம்ப்ரஸரை மட்டும் வாங்கினோம்.
ஓ-ரிங்கைக் கழற்றி எடுக்க மனம் வரவில்லை.
மூட்லி அதைத் திரும்பவும்
அந்தத் துவாலையில் சுற்றினார்,
நான்கு மூலையும் சேர்த்து, முடிச்சுப் போட்டு.

வழியெல்லாம் மழை.
வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர்களோடு
சானி கணவாய் ஏற வேண்டிய வண்டி
எங்கள் வாசலிலேயே மாட்டிக்கொண்டது.
பூட்டில்லாத டிஃபரன்ஷியலின் குணம் அது:
எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ
உள்ளதையெல்லாம் அதற்கே கொடுக்கும்.
வலது சக்கரம் சேற்றை வாரி
சுவர்வரை இறைத்துக்கொண்டிருந்தது.
இடது சக்கரம் காய்ந்த சிமெண்டில்
சும்மா நின்றது.

தாண்டேகா சாக்குப் பையோடு இறங்கினாள்.
அதையும்
வலதுக்குத்தான் போட்டாள்.