கூச்சல் பழகுதல்

பதினோரு ஆண்டுகள் என் காது
ஐஸ்லாந்துக்குப் பொதுச்சொத்து.
கருவியை மாட்டியதும் ஒரே கேள்வி:
"எங்கே இருக்கிறீர்கள்?"
பெயர் பிறகு. அழுகை பிறகு.
முதலில் இடம்.

பனிப்புயலில் சாலையோரக் கழிகள் மறைந்துவிட்டன,
எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை என்றார் ஒருவர்.
அடுப்படித் தரையில் அப்பா என்றாள் ஒரு சிறுமி.
முகவரி கேட்டதற்கு
"எங்கள் வீடு மஞ்சள்" என்றாள்.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்த நொடியில்
கதை என் கையைவிட்டுப் போய்விடும்.
பிழைத்தாரா?
தெரியாது. அடுத்த அழைப்பு.
முதல் பக்கங்களை மட்டுமே
வாசித்து வாழ்ந்தவள் நான்.

எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார்.
தேதி குறிக்கும்படி எதுவும் நடக்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
தயிர்க்கிண்ணத்தின் மேல்தாளை
என்னால் உரிக்க முடியவில்லை.
கையில் வலு இருந்தது. தாளுக்கு நுனியும் இருந்தது.
இரண்டையும் சேர்த்துவைக்க
உள்ளே ஆள் இல்லை.
கரண்டியைப் பிடித்தபடி நாற்பது நிமிடம்
நின்றிருக்கிறேன்.

அதற்கு முந்தைய மாதம்
பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அழைத்த
என் தங்கை ஹ்ரெஃப்னாவிடம்
"எங்கே இருக்கிறீர்கள்?" என்றேனாம்.
சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

ஆறு மாத விடுப்பு.
தூங்கினேன் என்று சொல்ல முடியாது, கிடந்தேன்.
டிசம்பரில் பதினொன்றரைக்கு விடிந்து
மூன்றுக்கே இருட்டிவிடுகிற ஊர் இது.
சூரியனை யாரும் சோம்பேறி என்பதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ப்யார்ட்மார் என்ற இளைஞன்
"உங்கள் திறமைகள்?" என்று கேட்டுவிட்டு
விசைப்பலகையில் விரல் வைத்துக் காத்திருந்தான்.
முன்பின் தெரியாதவர்களின் மூச்சை எண்ணுவேன் என்றேன்.
நெஞ்சை எந்த வேகத்தில் அழுத்த வேண்டும் என்று
பார்க்காமலே சொல்லிக்கொடுப்பேன்.
பொறுமையாக ஒரு விரலால் தட்டினான்:
வாடிக்கையாளர் தொடர்பு.

இப்போது நீச்சல்குளத்தில் வேலை.
சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.
வீட்டுக்கடன் குறையவில்லை. காரை விற்றாயிற்று.
மணிக்கொரு முறை நீரை முகந்து
குப்பியில் நிறம் பார்ப்பேன்.
குளிக்காமல் இறங்க வரும் சுற்றுலாக்காரரை
சோப்பு கொடுத்துத் திருப்பி அனுப்புவேன்.
வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து
மீன்விலை பேசுகிறார்கள் கிழவர்கள்.
அவர்கள் முடியில் பனி விழுந்து
அப்படியே உறைகிறது.

நாள் முழுக்க அலறல்தான் நீச்சல்குளம் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சறுக்குக்குழாயிலிருந்து விழுந்த பையன். எழுந்தேன்.
முகத்தில் நீர் வாங்கிய பெண். எழுந்தேன்.
"செத்தேன், செத்தேன்" என்று கத்தியவன்
மறுபடி குதிக்க வரிசையில் நிற்கக் கண்டு
முழங்கால் நடுங்க உட்கார்ந்தேன்.

தோர்கெல், என்னைவிடப் பத்து வயது இளையவன்,
வாழைப்பழம் உரித்துக்கொண்டே சொன்னான்:
"மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை, ஸ்டெய்னுன்.
சத்தம் கேட்கிறவரை உட்காரலாம்."

அன்றிலிருந்து
கூச்சலை விட்டுவிட்டு
அமைதியாக இருக்கிற தலைகளை எண்ணுகிறேன்.
காது கொஞ்சம் கொஞ்சமாக
எனக்கே திரும்பி வருகிறது,
கடன் போன புத்தகம் போல, ஓரம் மடங்கி.

குணமாகிவிட்டதா என்று ஹ்ரெஃப்னா கேட்கிறாள்.
இன்னும் தயிர் வாங்குவதில்லை.
இரவில் எந்த வீட்டிலாவது தொலைபேசி ஒலித்தால்
மூன்றாவது மணிக்குள் விழித்துவிடுகிறேன்.

நேற்று முன்மேசைத் தொலைபேசி அடித்தது.
எடுத்ததும் வாய் முந்திக்கொண்டது:
"எங்கே இருக்கிறீர்கள்?"
மறுமுனையில் சற்றுத் தயக்கம்.
"வெளியே... வண்டி நிறுத்துமிடத்தில்.
குளம் திறந்திருக்கிறதா என்று கேட்கத்தான்."

கண்ணாடி வழியே பார்த்தேன்.
சிவப்புத் தொப்பி, கையில் துண்டு,
காதோரம் கைபேசி.

திறந்திருக்கிறது என்றேன்.
வாருங்கள்.
படியில் பனி இறுகியிருக்கிறது,
பார்த்து.