மூன்றாம் அளவு

பார்னு நகரத்து அவசர அழைப்பு மையம்.
பிப்ரவரி, பின்னிரவு மூன்று மணி பத்து நிமிடம்.
லாக்லேயின் மேசையில் பாதி தின்ற கறுப்பு ரொட்டி.

சாரேமா தீவிலிருந்து ஒரு குரல்.
முதலில் வெறும் பெயர்: ஹெல்மி, ஹெல்மி, ஹெல்மி.
பெயரைக் கூப்பிடுகிறவன் வாயில்
முகவரி வராது.
இருமுறை கேட்டு வாங்கினாள்.
ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றாள்.
இருபத்தாறு கிலோமீட்டர், பனி உறைந்த சாலை
என்பதைச் சொல்லவில்லை.

என்ன வயது?
ஐந்து மாதம்.
மூச்சு?
இல்லை.
விளக்கைப் போடுங்கள்.
போட்டான்.
அப்போது அவன் சொன்ன நிறத்தை
அவள் பதிவேட்டில் ஏற்றவில்லை.

மேஜைமேல் கிடத்துங்கள். மெத்தை வேண்டாம், அமுங்கும்.
போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.
தலை பின்னால் சாய வேண்டாம்,
கூரையைப் பார்ப்பதுபோல் நேராக இருக்கட்டும்.
அவள் வாயையும் மூக்கையும் சேர்த்து
உங்கள் வாயால் மூடுங்கள்.
கன்னம் கொள்ளும் காற்று போதும்,
மெழுகுவர்த்தியை அணைக்காமல்
ஆடவைக்கிற அளவு.
ஐந்து முறை.

ஐவார் மரம் வெட்டுகிறவன்.
இதுவரை அவன் ஊதியதெல்லாம் அடுப்பைத்தான்.

நெஞ்சு எழும்புகிறதா?
எழும்புகிறது. ஆனால் அது என் காற்று.
பரவாயில்லை, கடன் கொடுங்கள்.

இப்போது இரண்டு விரல்.
நெஞ்சின் நடுவே, காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே.
நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகட்டும்,
ஒவ்வொரு முறையும் முழுதாக மேலே வரட்டும்.
எலும்பு... என்றான்.
அழுத்துங்கள் என்றாள்.
பயப்படாதீர்கள் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை.

யுக்ஸ், காக்ஸ், கோல்ம், நெலி,
அவள் எண்ண அவன் அழுத்தினான்.
முப்பது குறில்.
இரண்டு நெடில்.
மறுபடி முப்பது குறில்.
உயிர் ஏறாத மெய் மேஜைமேல் கிடந்தது,
புள்ளி வைத்தபடி.

வீட்டில் வேறு யார்?
மகன் தாவி. ஆறு வயது. அவன் அம்மா
ஹெல்சிங்கியில், நைட் ஷிப்டில்.
தாவி நாயைக் கட்டட்டும். கதவைத் திறந்து வைத்துவிட்டு
டார்ச்சோடு வாசலுக்குப் போகட்டும்.
கோட்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.
(பிற்பாடு, பஸ்ஸில் வீடு திரும்புகையில்,
கோட்டைப் பற்றி ஏன் சொன்னோம் என்று
அவளுக்கே புரியவில்லை.)

அவள் மொழியில் குறில் உண்டு, நெடில் உண்டு,
நெடிலுக்கும் நீளமான மூன்றாம் அளவு ஒன்றும் உண்டு.
நாமென்றால் அளபெடை என்போம்.
பெரும்பாலும் அதற்கு எழுத்தில் குறி கிடையாது.
எதுவரை நீட்டலாம் என்பது
நாக்குக்குத்தான் தெரியும்.

பதினோராவது சுற்றில் ஐவாரின் எண்ணிக்கை நின்றது.
ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.
மேஜையின் கிறீச் இல்லை. நாய் இல்லை.
ஐவார், அழுத்துங்கள்.
ஐவார்.
ஒரு மாத்திரை, இரண்டு, மூன்று,
அதற்குமேல் இலக்கணத்தில் இடமில்லை.

பிறகு ஒரு சத்தம்.
பூனை தும்மியதுபோல, ஈரமாக.
அது அவளா?
பதிலுக்குப் பூட்ஸ் சத்தம், பல ஜோடி.
ஒரு பெண் குரல், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.
தூரத்தில் ஏதோ ஒரு பிள்ளை அழுதது.
டார்ச்சோடு திரும்பிய தாவியாக இருக்கலாம்.
லைன் கட்டானது.

கூப்பிட்டு விசாரிக்க விதிமுறையில் இடமில்லை.
அடுத்த விளக்கு எரிந்தது.
வேந்த்ரா சாலையில் ஒருவன்
காட்டு மான்மேல் காரை ஏற்றிவிட்டான்,
மான் எழுந்து போய்விட்டது, கார்தான் எழவில்லை.
முகவரி சொல்லுங்கள் என்றாள்.

நான்கு மணிக்கு ரொட்டியை எடுத்தபோது
அதில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு குழி.
எப்போது அழுத்தினோம் என்று நினைவில்லை.
அந்த இடத்தை விட்டுவிட்டு
சுற்றிலும் தின்றாள்.