சாம்பல் பூசணி

எர்ணாவூர் போர்டு வீட்டு மொட்டை மாடியில்
துறைமுகத்து நீல டிரம்மைப் பாதியாய் அறுத்து
ஆனியில் ஒரு விதை ஊன்றினேன்.

ஆடி கழிந்து ஒரு காலை
இலையெல்லாம் வெள்ளை.
நைட் ஷிப்ட் முடிந்த கண்ணுக்கு
எதுவும் அப்படித்தான் தெரியுமென்று
படுத்துவிட்டேன்.

மத்தியானம் ஈர விரலால் துடைத்தேன்.
நறநறத்தது:
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி.
கொடியில் காயும் யூனிபார்மிலும் அதே.
பக்கத்து இலையில் விரல்
மாவில் போல வழுக்கியது.
துடைத்த இடத்தில் மூன்றாம் நாள்
சின்னச் சின்ன வட்டமாய்த்
திரும்பி வந்திருந்தது.

"சாம்பல் நோய்" என்றார்
விதைக்கடை இருதயராஜ்.
இந்த ஊரில் போய்
இந்தப் பேரைச் சொல்கிறார்.
"புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்து.
வெயில் ஏறுமுன் தெளி.
கெட்ட இலையைக் கிள்ளி எரித்துவிடு."

எரிப்பதா?
இந்த வானத்துக்கு இன்னும் கொஞ்சமா?
கேரி பேக்கில் கட்டி
மாநகராட்சி வண்டியில் போட்டேன்.
கொடுங்கையூரில் அது எரியாதென்று
எனக்கு யார் சொன்னது?

மோர் வாடைக்கு எதிர்வீட்டுப் பூனை
தவறாமல் வந்தது.
பதினோரு இலை போனது.
பிஞ்சு இரண்டு வெம்பியது.
ஒன்று தங்கியது;
பழைய லுங்கியில் தூளி கட்டினேன்.

ஐப்பசியில் துணி எடுக்க வந்த நிலோபர்,
"ஐயோ, இதுலயும் சாம்பலா" என்று
துப்பட்டா நுனியை எடுத்தாள்.

"துடைக்காதே நிலோ,
அது முற்றின காய்
தானே பூசிக்கொண்டது."

கையை இழுத்துக்கொண்டாள்.
ஊதிவிடக் கூடாதென்று
இருவரும்
மூச்சைக் கொஞ்சம் தள்ளியே விட்டோம்.