பத்துக்கு ஆறரை

தெர்ட்டுவுக்குப் பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை.
லீவு நாளிலும் அந்தக் கண் லீவு எடுக்காது.
சனிக்கிழமை பத்து மணிக்கு
ஆற்றின் எதிர்க்கரையில் எனக்காக நிற்பாள்,
கக்கத்தில் நீல நோட்டு
காதில் செருகிய பென்சில்.
என் தொழில் பொய்ப்பல் கட்டுவது.
ஆகவே பேக்கிங் என் இலாகா.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு கடைகள்.
காபிக்கு நான்கு, பேக்கிங்குக்கு நான்கு,
மிச்சம் இரண்டு மற்றதற்கெல்லாம்.
அதற்கு நாங்கள் வைத்த பெயர் காற்று.
கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் படியும் ஆவி,
நனைந்த கோட்டை மாட்ட ஆணி இருக்கிறதா,
பக்கத்து மேசைக்காரர்
எவ்வளவு நேரம் நம்மிடம் பேசாமலிருப்பார்,
எல்லாமே காற்று.

தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் கடையில்
காபிக்கு அடியில்
கோப்பையில் வரைந்த பாய்க்கப்பல் தெளிவாகத் தெரிந்தது.
துறைமுகத்துக் கடையிலோ
அந்தக் கப்பலைக் கொளுத்தி வடித்த மாதிரி ஒரு கறுப்பு.
நான் மூன்று என்றேன். அவள் ஒன்று என்றாள்.
இரண்டு சனிக்கிழமை பேச்சில்லை.
பேசாமலிருப்பது துர்கு நகரத்தில்
யாருக்கும் வித்தியாசமாகப் படாது என்பதால்
நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது,
நாம் சண்டையில் இருக்கிறோம் என்று.

நாற்பத்திரண்டாவது கடை
சைக்கிள் பழுதுபார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில்.
நவம்பர். மழையென்றும் பனியென்றும்
முடிவெடுக்க முடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது.
கடைக்காரியின் பெயர் வெல்லமோ.
முகத்தில் அதற்கான தடயம் இல்லை.
ரேடியோவில் ஐஸ் ஹாக்கி வர்ணனை,
ஈரக் கம்பளி வாடை,
கால் ஆடும் மேசைக்கு மடித்து வைத்த சீட்டு.

பட்டையும் ஏலக்காயும் சுருட்டிய அந்த ரொட்டிக்கு
இந்த ஊர் மொழியில் பெயரே
செவிட்டில் விட்ட அறை.
வெல்லமோவின் ரொட்டி அறையவில்லை.
கன்னத்தைத் தடவி
சாப்பிட்டாயா என்று கேட்டது.
ஏலக்காய் வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றத் தயங்கி நின்றது.
பேக்கிங் இரண்டு.
காபி மூன்று.
காற்று அரை.

படகில் ஏறி ஆற்றைக் கடந்தோம்.
ஒன்றரை நிமிடப் பயணம்.
ஒரு நிமிடம் ஆனபோது
தெர்ட்டு தன் கக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அதே படகில் திரும்பினோம்.
வெல்லமோ மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.
நோட்டைக் கவிழ்க்காமல், மூடாமல்
திறந்தபடி நீட்டினாள்.
எங்கள் ஐந்தரைக்குக் கீழே
பச்சை மையில் சாய்ந்த எழுத்து.

தெர்ட்டு சத்தமாக வாசித்தாள்,
அபராதத் தொகையைச் சொல்லும் அதே குரலில்.

'ஆள் இருவர். ஜன்னலோர மேசை. மூன்று மணி நேரம்.
வாங்கியது ஒரு ரொட்டி, இரண்டு காபி.
காசில்லாமல் மறுபடி நிரப்பியது, ஐந்து தடவை.
பென்சில்காரி: சர்க்கரைப் பொட்டலம் இரண்டு
கோட்டுப் பையில் போனது.'

இங்கே நிறுத்தி ஒரு வரியைத் தாண்டினாள்.

'பத்துக்கு ஆறரை. திரும்ப வரலாம்.'

எங்களைவிட ஒன்று தாராளம்.

தாண்டிய வரி
தோளுக்கு மேலாக எனக்குத் தெரிந்தது.
'பல்காரர்: ரொட்டியின் நடுச்சுருளை
அவள் பக்கமே தள்ளுகிறார்.
அவள் கவனிப்பதில்லை.'

பொட்டலம் ஒன்றுதான் என்று
வெல்லமோவிடம் தகராறு செய்தாள் தெர்ட்டு.
பிறகு பையிலிருந்து இரண்டை எடுத்து வைத்தாள்.
பிறகு, உட்காரலாமா என்று கேட்டாள்,
யாரை என்று தெளிவாகவில்லை.

இன்னொரு ரொட்டி வந்தது.
கத்தியை எடுத்து
டிக்கெட்டில் தேதி தேடும் கவனத்தோடு
நடுச்சுருளின் நடுவைத் தேடினாள்.
எவ்வளவு பார்த்தும்
ஒரு பாதி பெரிதாகவே விழுந்தது.
அதை இருவருமே தொடவில்லை கொஞ்ச நேரம்.
ரேடியோவில் யாரோ கோல் போட்டார்கள்.

காற்றுக்கு அரை போதுமா என்றேன்.
பென்சில் முனை உடைந்துவிட்டது என்றாள்.

காதிலிருந்தது பென்சில்.
நன்றாகக் கூராகவே இருந்தது.